பார்த்த மெஷின் ஒன்று, வந்த மெஷின் ஒன்று: 42,000 ரூபாய் போச்சு

தோல் வேலைக்கு முதல் பவர் மெஷின் வாங்கப் பணம் சேர்த்து வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் கடைக்குப் போங்கள். 42,000 ரூபாய் கொடுத்து இன்றோடு ஒன்பது நாள். வீட்டில் ஒரு மெஷின் நிற்கிறது. நான் வாங்கியது அது இல்லை.

கொடைக்கானல் நாயுடுபுரத்தில் இருக்கிறேன். ஐந்து வருடமாகத் தோல் பை, பெல்ட், பர்ஸ் செய்து ஹோம்ஸ்டேக்காரர்களுக்கும் ஏரிப் பக்கம் இரண்டு கடைகளுக்கும் கொடுக்கிறேன். எல்லாம் கைத்தையல், குத்தூசியால் ஓட்டை போட்டு இரண்டு பக்கமும் ஊசி விட்டு இழுப்பது. ஒரு தோள்பைக்குத் தையலுக்கே முழுப் பகல் போய்விடும், குளிரில் விரல் விறைத்தால் அதுவும் நடக்காது. சீசனுக்கு முன்னால் மெஷின் வேண்டும் என்று 50,000 ரூபாய்ச் சீட்டை 8,000 தள்ளி எடுத்தேன். கைக்கு வந்தது 42,000. மெஷினுக்கு 38,500, மலைக்கு ஏற்றிவர பிக்கப் வண்டிக்கு 3,500, தீர்ந்தது. சீட்டு இன்னும் பதினொரு மாதம் கட்ட வேண்டும்.

பழைய பொருள் விற்கும் ஆப் ஒன்றில்தான் விளம்பரத்தைப் பார்த்தேன். கீழே சமவெளியில், மூடிய கம்பெனிகளின் மெஷின்களை மொத்தமாக எடுத்து விற்கிற கடை. போட்டோவைப் பார்த்துப் பணம் போடுகிற ஆள் நான் இல்லை. பஸ் ஏறி நேரில் போனேன், என் கையால் தைத்துப் பார்த்தேன். அப்படியும் ஏமாந்தேன், அதனால்தான் எழுதுகிறேன்.

அங்கே பார்த்தது நல்ல மெஷின். வாக்கிங் ஃபூட். துணி தைக்கும் மெஷினில் கீழே இருக்கும் பல் மட்டும்தான் துணியை நகர்த்தும். தோலுக்கு அது போதாது, மேல் தோல் பின்தங்கி, கடைசியில் ஓரம் சேராது. வாக்கிங் ஃபூட்டில் மேலே இரண்டு கால், ஒன்று அழுத்திப் பிடிக்க இன்னொன்று ஊசியோடு சேர்ந்து நடக்கும், கீழே பல்லும் கூடவே இழுக்கும். திண்டுக்கல் தோல் ஷாப்பில் வாங்கிய, சீகை (வாட்டில்) மரப் பட்டையில் பதனிட்ட தோலில் 3 மி.மீ. துண்டு இரண்டு கொண்டுபோயிருந்தேன். ஒன்றின் மேல் ஒன்று வைத்தேன். 20 நம்பர் நைலான் நூல், 22 நம்பர் ஊசி. சர்வோ மோட்டார், பெடலில் கால் வைத்தால் தையல் ஒன்றொன்றாக விழுகிறது, ஒரு தையலில் நிறுத்தித் தோலைத் திருப்ப முடிகிறது. அடிப்பக்கம் புரட்டிப் பார்த்தேன், மேலே எப்படியோ கீழேயும் அப்படியே. ஒரு சாண் நீளம், அரை நிமிடம்கூட ஆகவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டார்.

“உனக்குன்னே வந்த மெஷின்மா இது” என்றார். காபி வாங்கிவரச் சொன்னார். ஊசி ஒரு பாக்கெட் அவரே எடுத்துக் கொடுத்தார், டிபி 17 (DP×17) என்கிற தடித்த தண்டு வகை, அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை. அப்புறம் சொன்னார், “இப்பவே ஏத்த வேணாம்மா. ஹூக் டைமிங் பார்த்து, பெல்ட் மாத்தி, சர்வீஸ் பண்ணி ரெண்டு நாள்ல அனுப்புறேன். மலைக்கு ஏத்தினப்புறம் நீ மெக்கானிக்கைத் தேடி அலையக் கூடாதுல்ல.” என் நிலைமையை நினைத்துப் பேசுகிறார் என்று நம்பினேன். “சரிண்ணே” என்று முழுப் பணத்தையும் அங்கேயே நின்று போனில் அனுப்பினேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் மூடுபனியில் வண்டி வந்தது. நீலத் தார்ப்பாயில் சுற்றி, சணல் கயிறு கட்டி. தம்பியும் பக்கத்து வீட்டு அண்ணனும் இறக்கினார்கள். டேபிள் அதே டேபிள், வலது மூலையில் பெயர்ந்திருந்த சன்மைக்காகூட அப்படியே. அதனால் முதலில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பெயின்ட் வாடைதான் மூக்கைத் துளைத்தது, தொட்டால் விரலில் ஒட்டுகிறது. மெஷினின் தலையை, அதாவது டேபிள் மேல் உட்காரும் தைக்கும் பாகத்தை, கிட்டப் பார்த்தேன். இரண்டு கால் இல்லை, ஒரே கால், அதில் சின்ன உருளை மாட்டியிருக்கிறது. அவர் கொடுத்த டிபி 17 ஊசியைப் போடப் போனால் ஊசித் துளைக்குள் நுழையவே இல்லை. அந்த ஊசியில் மெஷினுக்குள் செருகும் தண்டு 2 மி.மீ., இந்தத் தலை டிபி 1 (DB×1) ஊசிக்கானது, அதன் தண்டு 1.6 மி.மீ.தான். அதாவது துணி தைக்கும் சிங்கிள் நீடில் மெஷின் தலையைப் பெயின்ட் அடித்து என் டேபிளில் உட்கார வைத்து அனுப்பியிருக்கிறார்கள். சர்வோவும் இல்லை, மெதுவாக ஓட்ட முடியாத பழைய கிளட்ச் மோட்டார். பெடலைத் தொட்டதும், தைக்க வைத்த தோல் பெல்ட் வார் கையை விட்டுப் பறந்தது. இரண்டு துண்டு சேர்த்த 6 மி.மீ. தோல், லீவரைத் தூக்கினாலும் காலுக்கு அடியில் போகவில்லை. 3 மி.மீ. வைத்துத் தைத்தேன், இரண்டு ஊசி உடைந்தது, தோலின் அடியில் பல் தடம் வரிசையாகப் பதிந்துவிட்டது. தோலில் பதிந்த தடம் போகாது. மூஞ்சிக்கல்லில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா வந்து பார்த்துவிட்டு, இந்தத் தலை கீழே பத்தாயிரத்துக்கே கிடைக்குமே என்றார்.

அன்று ராத்திரியே போன் போட்டேன். “அதே மெஷின்தாம்மா, குளிருக்கு ஆயில் இறுகியிருக்கும், நாலு நாள் ஓட்டு, சரியாயிடும்.” மறுநாள் ஊசி நுழையவில்லை என்றேன். “ஊசி மாத்திக் கொடுத்துட்டேன் போல.” போட்டோ அனுப்பினேன், பார்த்ததற்கு நீல டிக் வந்தது, பதில் வரவில்லை. அப்புறம் மெக்கானிக் வருகிறார் என்றார், அப்புறம் இ-பாஸ் கிடைக்கவில்லை என்றார். 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிகள் இங்கே வர இ-பாஸ் எடுக்க வேண்டியிருக்கிறது, டூரிஸ்ட் எல்லாரும் போனிலேயே எடுத்துக்கொண்டு வருகிறார்கள், இவர் மெக்கானிக்குக்கு மட்டும் கிடைக்காதாம். “அப்போ நீயே இறக்கிக் கொண்டா, பார்க்கலாம்” என்றார். இன்னொரு 3,500 ரூபாய்க்கு நான் எங்கே போவேன்? ஆறாம் நாள் நம்பரை பிளாக் செய்துவிட்டார். தம்பி போனிலிருந்து கூப்பிட்டால் கடைப் பையன் எடுத்து அண்ணன் வெளியூர் போயிருக்கார் என்கிறான், பின்னால் அவர் குரல் கேட்கிறது. ஆப்பில் புகார் கொடுத்தால், நாங்கள் விளம்பரத்துக்கு இடம் மட்டும்தான் தருகிறோம் என்று ஒரு ரெடிமேட் பதில். பில் என்று அவர் கொடுத்த துண்டுச் சீட்டில் ‘தையல் மெஷின் செட் 1’ என்று மட்டும் இருக்கிறது. மாடல் இல்லை, தலை நம்பர் இல்லை. 42,000 ரூபாய்க்கு ஒரு வரி.

கடைசியாகப் பேசியபோது, “தொழிலுக்கு வாங்கினவங்க கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போக முடியாதும்மா” என்று மிரட்டுகிற மாதிரி சொன்னார். அது பொய். சொந்தக் கையால் சுயதொழில் செய்து பிழைக்க வாங்கினால் நாமும் நுகர்வோர்தான், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணமும் கிடையாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகாரைப் பதிந்துவிட்டேன்.

நிறையச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், இப்போது முக்கியமானது மட்டும். தைத்துப் பார்த்த மெஷினை அன்றைக்கே, உங்கள் கண் முன்னால் வண்டியில் ஏற்றுங்கள். சர்வீஸ் பண்ணி அனுப்புகிறேன் என்றால் தலை நம்பரைப் போட்டோ எடுத்து, அதைப் பில்லில் எழுத வைத்து, பாதிப் பணம் மட்டும் கொடுங்கள். மோட்டாரையும் போட்டோ எடுங்கள். ஊசி டிபி 17 போகிறதா என்று வண்டியிலிருந்து இறக்குவதற்கு முன்னாலேயே போட்டுப் பாருங்கள், டிரைவர் அவசரப்படுத்தினால் படுத்தட்டும்.

கடையில் நான் தைத்த துண்டு என்னிடம் இருக்கிறது. வீட்டில் இந்த மெஷினில் தைத்த துண்டும் இருக்கிறது. இரண்டையும், நுழையாத அந்த ஊசி பாக்கெட்டையும் ஒரே கவரில் போட்டு வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் திண்டுக்கல் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். ஒரு ஹோம்ஸ்டேக்குப் பன்னிரண்டு பை கொடுக்க வேண்டும், அதை ராத்திரியில் உட்கார்ந்து கையால் தைத்துக்கொண்டிருக்கிறேன்.