அசுரனும் வெக்கையும்: தலைகீழாகப் படித்தவனின் விமர்சனம்

2019 அக்டோபரில் அசுரன் வந்தபோது தருமபுரியில் ஒரு தியேட்டரில் சித்தப்பாவோடு பார்த்தேன். ஏசி ஓடவில்லை, இடைவேளைக்கு முந்தைய சண்டைக்கு அடித்த விசிலில் பாதி வசனம் காதிலேயே விழவில்லை. அப்புறம் ரொம்ப நாள் கழித்து அந்தப் படத்துக்கு மூலமான பூமணியின் நாவல் வெக்கை புத்தகத் திருவிழாவில் கண்ணில் பட, வாங்கி இரண்டே ராத்திரியில் முடித்துவிட்டு, அந்தச் சூட்டிலேயே ப்ரைமில் படத்தை மறுபடி போட்டேன். முதலில் நாவல், பிறகு படம் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். நான் செய்தது தலைகீழ், ஆனால் அதில்தான் சில விஷயம் பிடிபட்டது.

இரண்டுக்கும் விதை ஒன்றுதான். அண்ணனைக் கொன்ற வடக்கூரானைப் பதினைந்து வயசுப் பையன் சிதம்பரம் வெட்டிவிடுகிறான், அப்பனும் மகனும் காடு மேடு என்று ஒளிந்து திரிகிறார்கள். 1982இல் வந்த நாவல் பெரும்பாலும் இந்தத் திரிதல்தான். எங்கே படுப்பது, எதைத் தின்பது, வீட்டு ஆட்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வது எப்படி, இதுதான் பக்கம் பக்கமாக. அரூர்ப் பக்கம் ஆடு மேய்த்த எங்கள் தாத்தா, எந்தப் பாறைக்கு அடியில் சித்திரையிலும் தண்ணி நிற்கும் என்று சொல்லிக்கொண்டே நடப்பாரே, அந்த நடை ஞாபகம் வந்தது. கரிசல் பேச்சு நம்ம பக்கத்துக்குப் புதுசு, ஆரம்பத்தில் கொஞ்சம் தடுக்கும், பிறகு அதுவே இழுத்துக்கொண்டு போகும். பூமணி சாதிப் பெயரைச் சொல்வதே இல்லை, சொல்லாமலே எல்லாம் புரிகிறது.

இதை அப்படியே எடுத்தால் அப்பன் சிவசாமியாக நடிக்கும் தனுஷுக்கு வேலை குறைவு என்று இயக்குநர் வெற்றிமாறனுக்குத் தோன்றியிருக்கலாம் (என் ஊகம்தான்). செருப்பு, பஞ்சமி நிலம் (வெள்ளைக்காரன் காலத்தில் தலித் மக்களுக்கென்று ஒதுக்கிய நிலம்), குடிசையோடு ஆட்களைக் கொளுத்துவது என்று வரும் முன்கதை நாவலில் கிடையாது. 1968 டிசம்பரில் கீழ்வெண்மணியில் தலித் விவசாயக் கூலிகள் குடும்பத்தில் 44 பேர் குடிசையில் எரிந்து செத்ததை நினைக்காமல் அந்த இடத்தைத் தாண்ட முடியாது, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதனாலேயே சிவசாமி பதுங்கியிருந்த புலி ஆகிவிடுகிறார், பழைய வீரம் திரும்பி வருவதற்காகவே நாமும் காத்திருக்கிறோம். நாவலின் அய்யாவுக்கு, அதாவது அந்த அப்பாவுக்கு, அப்படி ஒரு புலித்தோல் தேவைப்படவில்லை, கொலை செய்துவிட்டு வந்த பிள்ளையை விட்டுவிடாமல் கூடவே நடக்கிறார், அவ்வளவுதான், எனக்கு அதுதான் பெரிசாகத் தெரிந்தது. படத்தில் மகன் அப்பனைக் கோழை என்று வெறுக்கிறானே, அந்தக் கசப்பை நாவலில் நான் பார்க்கவில்லை.

ஆனால் ஒரு காட்சிக்காகப் படத்துக்கு எத்தனை மார்க் வேண்டுமானாலும் போடுவேன். போலீசில் மாட்டிக்கொண்ட பெரிய மகனை வெளியே எடுக்க, சிவசாமி ஊரில் ஒவ்வொருவர் காலிலும் போய் விழுகிறாரே, அது. விசில் நின்றுபோன தியேட்டரில் சித்தப்பா முன் சீட்டைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். வரப்புத் தகராறில் பதினோரு வருஷம் கோர்ட்டுக்கு அலைந்த மனுஷன், எத்தனை பேரிடம் கும்பிடு போட்டாரோ. சிவசாமி மனைவியாக வரும் மஞ்சு வாரியர் நம்ம ஊர்ப் பெண் மாதிரியே இருக்கிறார், சிதம்பரமாக வரும் கென் பரவாயில்லை, ஜி.வி.பிரகாஷ் பின்னணி சில இடத்தில் காதைப் பிய்க்கிறது.

கடைசியில் படிப்பைப் பற்றி வரும் வசனம் எனக்கு ஒட்டவில்லை. மகனுக்குச் சொல்கிற மாதிரி நமக்கு வகுப்பு எடுக்கிறார்கள். சித்தப்பாவுக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது, முழங்கையால் இடித்து, "கேட்டுக்கோடா" என்றார்.

எங்கள் கிருஷ்ணகிரி வீட்டுக்கு எதிர்வீட்டில் தெலுங்கு பேசும் அண்ணன் ஒருவர் 2021இல் வந்த தெலுங்கு ரீமேக் நாரப்பாதான் ஒசத்தி, வெங்கடேஷ்தான் நிஜமான அப்பா என்று இன்றைக்கும் சாதிக்கிறார். பார்த்தேன். காட்சிக்குக் காட்சி அசுரனேதான், எனக்குப் புதிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. அவரிடம் சொல்லவில்லை.

நாவல் இப்போது சித்தப்பாவிடம் இருக்கிறது. நாற்பது பக்கம் தாண்டியிருக்கிறார். நேற்று போன் போட்டு, "அந்த ஆளு எப்பதான்டா சண்டை போடுவான்?" என்று கேட்டார்.