இரு நபர் ஜாமீனா, சொந்தப் பிணையா?

மேலூர்ப் பக்கத்துக் கூலித் தொழிலாளி ஒருவருக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உத்தரவில் "இரு நபர் ஜாமீன்" என்று இருந்தால், குடும்பத்தின் அலைச்சல் அன்றுதான் தொடங்குகிறது. வீட்டு வரி ரசீதோடு மதுரைக்கு வந்து கையெழுத்திட இரண்டு பேர் வேண்டும். உறவினரெல்லாம் வாடகைக் குடிசையில் இருந்தால் யாரிடம் போய் நிற்பது? சொந்தப் பிணையில் அந்தத் தேடல் இல்லை. தவறாமல் ஆஜராவேன் என்று அவரே எழுதிக் கொடுக்கிறார். தவறினால் பிணைத் தொகையைக் கட்ட வேண்டும்.

இந்த வேறுபாட்டின் கனத்தை உச்ச நீதிமன்றம் 1978இல் மோத்தி ராம் வழக்கில் எடுத்துச் சொன்னது. அவர் மத்தியப் பிரதேசத்துக் கொத்தனார். கீழ் நீதிமன்றம் 10,000 ரூபாய்க்கு ஆள் ஜாமீன் கேட்டது. சகோதரர் முன்வந்தார், அவர் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மறுத்துவிட்டார்கள். நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் 1,000 ரூபாய் சொந்தப் பிணையில் விடுவிக்கச் சொன்னார். படிக்கும்போதெல்லாம் மனம் நெகிழும் தீர்ப்பு அது.

ஆள் ஜாமீனுக்கும் பயன் உண்டு. திருப்பூருக்குப் பிழைக்கப் போனவரை வாய்தா நாளில் அழைத்து வர ஒரு தாய்மாமன் பொறுப்பேற்பது நல்லதுதான். ஆனால் ஆளில்லாதவருக்கு அது பூட்டிய கதவு.

ஜாமீனில் விடத்தக்க குற்றங்களில், அதாவது ஜாமீன் உரிமையாகவே கிடைக்கும் குற்றங்களில், கைதான ஒரு வாரத்துக்குள் ஜாமீன்தாரர் கிடைக்காதவரை ஏழை என்றே கருதி சொந்தப் பிணையில் விட வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 2005ஆம் ஆண்டுத் திருத்தம் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய சட்டத்திலும் 478ஆம் பிரிவாக அது தொடர்கிறது. மற்றக் குற்றங்களில் நிபந்தனையைத் தளர்த்தும்படி வழக்கறிஞர்தான் கேட்க வேண்டும். முதல் மனுவிலேயே கேட்டுவிடுங்கள்.