அசோர்ஸ் டைவிங் பயணம்: படகின் பெயர் தெரியாமல் மீதிப் பணத்தைக் கட்டாதீர்கள்

அடுத்த கோடையில் அட்லாண்டிக் நடுவிலுள்ள போர்ச்சுகலின் அசோர்ஸ் தீவுகளுக்கு லைவ்அபோர்ட் டைவிங் (படகிலேயே தங்கி டைவ் செய்யும் பயணம்) போக நினைப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். லண்டனிலிருந்து நானும் என்னோடு டைவ் செய்யும் நண்பர்களும் போன ஆகஸ்டில் போய் ஏமாற்றப்பட்டுத் திரும்பியிருக்கிறோம்.

ஏஜென்ட் அனுப்பிய வரைபடம் ஆசையைக் கிளப்புவதாகத்தான் இருந்தது. சாவோ மிகேல் தீவின் போன்டா டெல்காடாவில் படகு ஏறுவது, ஃபோர்மிகாஸ் பாறைகள், சான்டா மரியா, அங்கிருந்து பிகோ, ஃபயால், கடைசியில் பிரின்சஸ் ஆலிஸ் திட்டு. எல்லாம் ஒரே வாரத்தில். பிரின்சஸ் ஆலிஸ் என்பது ஃபயாலுக்குத் தென்மேற்கே நடுக்கடலில் முழுகிக் கிடக்கும் மலை. அதன் உச்சியே சுமார் 35 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. கோடையில் அங்கே கொம்புத் திருக்கைகள் கூட்டம் கூட்டமாக வரும். நாங்கள் அவ்வளவு பணம் கட்டியதே அதற்காகத்தான்.

படத்தில் காட்டியது பெரிய இரும்புப் படகு. துறைமுகத்தில் நின்றது பகல் சவாரிக்கு விடும் பழைய பாய்மரப் படகு. கேப்டன் நல்ல மனிதர். பிரின்சஸ் ஆலிஸுக்கு எந்த நாள் போகிறோம் என்று கேட்டு வரைபடத்தை நீட்டினேன். வாங்கிப் பார்த்தவர், “இதை யார் உங்களுக்குக் கொடுத்தது?” என்று கேட்டார். சாவோ மிகேலைச் சுற்றி ஒரு வாரம் என்று மட்டும் பேசித்தான் அவருடைய படகை வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். போன்டா டெல்காடாவிலிருந்து ஃபயாலின் ஓர்டா துறைமுகத்துக்கே சுமார் 150 கடல் மைல். மணிக்கு 6 கடல் மைல் ஓடும் அந்தப் படகுக்கு ஒரு முழுப் பகலும் இரவும் வேண்டும். வரைபடம் போட்டவர் இந்தக் கணக்கைக்கூடப் பார்க்கவில்லை. கிளம்பும் நாள் காலையில் ஒரு டைவ், மதியம் விமானம் என்றும் எழுதியிருந்தார். பல நாள் தொடர்ந்து டைவ் செய்தவர்கள் குறைந்தது 18 மணி நேரம் விட்டுத்தான் பறக்க வேண்டும் என்பது டைவிங் படித்த எல்லோருக்கும் தெரியும்.

இதெல்லாம் பணத்தோடு போகிற விஷயம். எனக்கு உண்மையிலேயே பதறியது பின்தளத்தில் கட்டி வைத்திருந்த கம்ப்ரசரை, அதாவது நாங்கள் சுவாசிக்கும் சிலிண்டரில் காற்றை அடைக்கும் இயந்திரத்தைப் பார்த்தபோதுதான். சிலிண்டருக்குக் காற்று இழுக்கும் குழாயின் வாய், ஜெனரேட்டரின் டீசல் புகை வெளியேறும் இடத்துக்கு ஒரு முழம் தள்ளி இருந்தது. காற்று படகின் பின்பக்கமிருந்து வீசினால் புகை நேராகக் குழாய்க்குள் போகும். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, சுவையும் இல்லை. 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் நான்கு மடங்கு ஆவதால், மேலே லேசான தலைவலியோடு போகிற அளவு கீழே ஆளை மயக்கிவிடும். நிரப்பி வைத்திருந்த ஒரு சிலிண்டரைத் திறந்து முகர்ந்தேன், எண்ணெய் வாடை அடித்தது. அவசரத்துக்கு வைக்கும் ஆக்சிஜன் சிலிண்டர் எங்கே என்று கேட்டோம். கொண்டுவந்து காட்டினார்கள், அளவு காட்டும் முள் சிவப்புக் கோட்டுக்குக் கீழே, கிட்டத்தட்ட காலி என்று கிடந்தது. நாங்கள் அந்தப் படகிலிருந்து டைவ் செய்ய மறுத்துவிட்டோம். மிச்ச நாட்களில் கரையிலுள்ள ஒரு டைவ் சென்டரில் தனியாகப் பணம் கட்டி அக்கம்பக்கத்தில் டைவ் செய்தோம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, “வானிலை சரியில்லை, எங்கள் கையில் இல்லை” என்று ஒரே வரியில் பதில் வந்தது. கடல்மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. அட்லாண்டிக் நடுவில் காற்று திரும்பினால் எந்தப் படகும் ஒதுங்கத்தான் வேண்டும். நேர்மையான ஆள் யாரும் பிரின்சஸ் ஆலிஸை உத்தரவாதமாக விற்க மாட்டார். ஆனால் அதே வாரம் ஃபயாலிலிருந்து தினசரிப் படகுகள் அங்கே போய் வந்திருக்கின்றன. தேதியோடு இருந்த அவர்களுடைய படங்களை எடுத்து அனுப்பினேன். அதற்குப் பதிலே இல்லை.

இப்போது வங்கி வழியாகப் போராடிக்கொண்டிருக்கிறேன். முன்பணத்தை கிரெடிட் கார்டில் வாங்கினார்கள், மீதியை நேரடியாக வங்கிக்கு அனுப்பினால் தள்ளுபடி என்றார்கள். பிரிட்டனில் இருப்பவர்கள் கவனியுங்கள்: 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்டு வரை விலையுள்ள ஒன்றுக்கு ஒரு பகுதியை மட்டும் கிரெடிட் கார்டில் கட்டியிருந்தாலும், 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்கீழ் முழுத் தொகைக்கும் அந்தக் கார்டு கொடுத்த வங்கியிடம் கேட்கலாம். டெபிட் கார்டுக்கு இது கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்திலுள்ள நிறுவனம் தொகுப்பாக விற்கும் பயணம் என்றால், கிளம்பும் முன் முக்கியமான எதையாவது மாற்றினால் அபராதமில்லாமல் ரத்து செய்யலாம், 14 நாளுக்குள் பணம் திரும்ப வேண்டும். படகை மாற்றியதை முன்கூட்டியே சொன்னால் இந்த உரிமை நமக்கு வந்துவிடும். எங்களிடம் துறைமுகம் வரும்வரை யாரும் வாயே திறக்கவில்லை.

அதனால் மீதிப் பணம் கட்டும் முன் படகின் பெயரையும் பதிவு எண்ணையும் எழுத்தில் வாங்குங்கள். அந்தப் பெயரை வைத்துக் கேப்டனையோ உரிமையாளரையோ நேரே அழைத்து, உங்கள் தேதியையும் வழியையும் சொல்லிக் கேளுங்கள். இரவில் யார் விழித்துக் காவல் இருப்பார்கள் என்றும் கேளுங்கள். 2019 செப்டம்பரில் கலிஃபோர்னியா அருகே தீப்பிடித்த டைவிங் படகில் 34 பேர் இறந்தார்கள். அந்த இரவு அங்கே காவலுக்கு யாரும் விழித்திருக்கவில்லை.

எங்களுக்கு அனுப்பிய அதே வரைபடம், அதே இரும்புப் படகின் படத்தோடு, அடுத்த கோடைக்கும் விற்பனைக்கு வந்திருக்கிறது. ஏற்கனவே முன்பணம் கட்டியவர்கள் இருந்தால் இன்றைக்கே படகின் பெயரைக் கேட்டு எழுதுங்கள்.