மீதிப் பாதியை எப்போது விற்பது?

கூட வேலை பார்க்கும் நண்பர் போன வாரம் கேட்டார்: "ரெண்டு வருஷமா அந்தப் பங்குச் சந்தை ஆலோசகர் சொல்றதைக் கேட்டுத்தானே பங்கு வாங்கி விக்கிறீங்க, நானும் அவருக்குச் சந்தா கட்டலாமா?" டீக்கடையில் நின்றபடி சொல்லி முடிக்கிற விஷயமில்லை. அதனால் எழுதுகிறேன்.

பெயர் வேண்டாம். பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியில் பதிவு பெற்ற ஆய்வாளர். ஐந்து முதல் பதினைந்து நாள் வரை வைத்து விற்கிற பங்குகள் மட்டும்தான் சொல்வார், ஆப்ஷன் ஒப்பந்தங்கள் பக்கமே போகமாட்டார். ஸ்டாப்லாஸ், அதாவது நஷ்டம் பெருகாமல் விற்று வெளியேற வேண்டிய விலை, சொல்லாமல் இதுவரை ஒரு 'கால்' (பரிந்துரை) கூடத் தந்ததில்லை. 2024 ஜூன் 3 அன்று எக்ஸிட் போல் உற்சாகத்தில் நிஃப்டி குறியீடு 3 சதவீதத்துக்கு மேல் ஏறியபோது, "எல்லாத்துலயும் பாதியை வித்துடுங்க" என்றார். மறுநாள் வாக்கு எண்ணிக்கையில் கிட்டத்தட்ட 6 சதவீதம் சரிந்தது. அந்த ஒரு நாளுக்கு இன்றைக்கும் அவருக்கு நன்றி சொல்வேன்.

என் கோபமெல்லாம் மீதிப் பாதியைப் பற்றித்தான்.

போன மாதக் கால் ஒன்றைச் சொல்கிறேன். 412-இல் 100 பங்கு வாங்கினேன். ஸ்டாப்லாஸ் 398, டார்கெட் (விற்க வேண்டிய இலக்கு விலை) 436, அடுத்தது 450. நான்காம் நாள் 436 வந்தது. "பாதி புக் பண்ணுங்க, மீதிக்கு ஸ்டாப்லாஸைக் காஸ்ட்டுக்கு ஏத்துங்க, ட்ரெயில் பண்ணுங்க." அதாவது ஸ்டாப்லாஸை வாங்கின விலையான 412-க்கு ஏற்றிவிட்டு, பங்கு ஏற ஏற அதையும் ஏற்றிக்கொண்டே போக வேண்டும். சரி, எந்த விலைக்கு ட்ரெயில் பண்ணுவது? அதைச் சொல்லவில்லை. பங்கு 447 வரை போய்த் திரும்பியது. இரண்டு நாள் ஒரு செய்தியும் இல்லை. 412-இல் என் மீதிப் பங்குகள் விற்றுப்போன பிறகு கேட்டால், "440-லயே வெளிய வரச் சொல்லியாச்சே" என்று பதில். தேடிப் பார்த்தேன். முந்தைய நாள் இரவு நேரலையில், 47-ஆவது நிமிடத்தில், வேறொருவர் கேள்விக்கு நடுவே சொல்லியிருக்கிறார்.

கணக்குப் பாருங்கள். முதல் பாதியில் லாபம் 1,200 ரூபாய், மீதியில் ஒன்றுமில்லை. இதில் வாங்கும்போதும் விற்கும்போதும் 0.1 சதவீதம் எஸ்டிடி (பங்குப் பரிவர்த்தனை வரி), லாபத்தில் 20 சதவீதம் குறுகிய கால வரி. ஆனால் ஸ்டாப்லாஸ் அடித்திருந்தால் போயிருப்பது 1,400. ஜெயித்த காலே தோற்ற காலை ஈடுகட்டவில்லை. மீதியை 440-இல் விற்றிருந்தால் இன்னொரு 1,400 வந்திருக்கும். சம்பாதிக்கிற இடமே அதுதான், அங்கேதான் அவர் வாயைத் திறப்பதில்லை.

இப்போது முதல் டார்கெட் வந்ததும் தினமும் மாலை, அன்றைய லோவுக்கு (குறைந்தபட்ச விலைக்கு) கீழே ஜிடிடியை, அதாவது குறித்த விலையைத் தொட்டால் தானாகப் போகிற விற்பனை ஆர்டரை, மாற்றி வைக்கிறேன். என் புரோக்கரிடம் அது லிமிட் ஆர்டராகத்தான் (குறித்த விலைக்குக் கீழே விற்காத ஆர்டர்) போகிறது. லிமிட் விலையைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள், இல்லையென்றால் காலை 9.15-க்குக் கேப் டவுனில், அதாவது முந்தைய நாள் விலையைவிட மிகவும் கீழே, திறக்கும்போது விற்காமல் நின்றுவிடும். எனக்கு ஒருமுறை நின்றது.

நண்பரே, இவரளவுக்கு ஒழுங்காக ஸ்டாப்லாஸ் சொல்கிறவரை நான் பார்த்ததில்லை. இருந்தாலும் கட்டாதீர்கள். என் சந்தாவும் அடுத்த மாதம் முடிகிறது, புதுப்பிக்கப் போவதில்லை. விற்கிற வேலையை நான்தான் பார்க்க வேண்டும் என்றால் அவருக்கு எதற்குப் பணம்?