இல்ஃபோகுரோம்: மாஸ்க் இல்லாமல் வேலைக்கு ஆகாத தாள்

பிரிக்கப்படாத இல்ஃபோகுரோம் தாள் ஒரு பெட்டியும் அதைக் கழுவுவதற்கான பி-30 இரசாயனத் தொகுப்பும் சேர்ந்து ஓரிடத்தில் விற்பனைக்கு இருப்பதாகவும், சில மாதங்களாக விலை போகாமல் இப்போது பாதியாகக் குறைத்திருப்பதாகவும் சொல்லி, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஸ்லைடு ஃபிலிமிலிருந்து, அதாவது காட்சி அதன் இயல்பான நிறத்திலேயே தெரியும் ஃபிலிமிலிருந்து, இருட்டறையில் நேரடியாக வண்ணப் பிரிண்ட் எடுக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அதற்கென்றே தயாரிக்கப்பட்ட தாள் இது. அந்தத் தாளோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டியவன் என்பதால் என்னிடம் கேட்டிருக்கிறார். வேண்டாம் என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட்டேன். காரணம் கேட்டு மீண்டும் எழுதியிருக்கிறார்.

சிபாகுரோம் என்ற பெயரில் 1963-இல் அறிமுகமாகி, 1990-களின் தொடக்கத்தில் இல்ஃபோகுரோம் ஆன இந்தத் தாளின் கடைசி உற்பத்தி 2011-இல் அறிவிக்கப்பட்டது என்பதும், சுவிட்சர்லாந்தின் மார்லியில் அதைத் தயாரித்த நிறுவனம் 2013-இன் இறுதியில் நொடித்துப்போனது என்பதும் இந்தத் துறையில் ஆர்வம் உள்ளவர்கள் அறிந்தவையே. செய்முறையைப் பற்றியும் அதிகம் சொல்லத் தேவையில்லை. டெவலப்பர், ப்ளீச், ஃபிக்ஸர் என்று மூன்றே கரைசல்கள். 24 பாகை செல்சியஸில் ஒவ்வொன்றுக்கும் மூன்று நிமிடம். இடையிலும் இறுதியிலும் தண்ணீர்க் கழுவல். தாளை டிரம்முக்குள் போட்டு மூடிவிட்டால் விளக்கைப் போட்டுக்கொண்டே மற்ற வேலையை முடித்துவிடலாம். வண்ண வேலை என்றாலே பயப்படுகிறவர்கள்கூட முதல் நாளிலேயே ஒரு பிரிண்ட் எடுத்துவிட முடியும் என்பது உண்மைதான். அந்த முதல் பிரிண்டைப் பார்த்துத்தான் எல்லோரும் ஏமாந்தோம்.

என் மனக்குறை கான்ட்ராஸ்ட், அதாவது வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் இடையிலான வேறுபாடு. இந்தத் தாளைப் பற்றி நான் எதைப் பேசத் தொடங்கினாலும் அங்கேதான் வந்து நிற்பேன். ஸ்லைடு என்பது இருட்டிய கூடத்தில் திரையில் விழுவதற்காகவே கான்ட்ராஸ்ட் கூட்டித் தயாரிக்கப்பட்ட பொருள். அதன் அடர்த்தி வீச்சு 3-ஐத் தொடும். அதாவது மிகத் தெளிந்த இடத்தின் வழியே செல்லும் ஒளி, மிகக் கரிய இடத்தின் வழியே செல்வதைப்போல் 1000 மடங்கு இருக்கும். சுவரில் மாட்டுகிற எந்தப் பிரிண்டும் அவ்வளவு வீச்சைக் காட்டாது. எனவே எங்கோ ஒரு நிலையில் அதைச் சுருக்கியாக வேண்டும். இந்தத் தாளோ சுருக்குவதற்குப் பதில் இருப்பதை இன்னும் இழுத்துக் காட்டுகிறது. பழியை முழுவதும் தாளின் மேல் போடுவது நியாயமில்லை என்று எனக்குத் தெரியும். பின்னாளில் கான்ட்ராஸ்ட் குறைந்த வகைகளும் வந்தன. ஆனால் படத்தைப் பெரிதாக்கித் தாளில் விழச் செய்யும் என்லார்ஜர் அருகில் நின்று வேலை செய்கிறவனுக்கு, நிழலெல்லாம் தார் பூசியதுபோல் வரும்போது நியாயம் பேச மனம் வருவதில்லை.

ஜெனீவா ஏரிக்கரையில் லவோ திராட்சைத் தோட்டங்களை இலையுதிர் காலத்தில் வெல்வியா ஃபிலிமில் எடுத்த ஸ்லைடு ஒன்று என்னிடம் இருக்கிறது. மஞ்சளாகப் பழுத்த இலைகள், அடுக்கடுக்கான கல் சுவர்கள், கீழே வெயிலில் கூசும் ஏரி. ஸ்லைடை ஒளிமேசையில் வைத்து லென்ஸால் பார்த்தால் சுவரின் நிழலில் ஒவ்வொரு கல்லும் தனித்தனியாகத் தெரியும். கல் இடுக்கில் பாசிகூடத் தெரியும். நேரடியாகப் பிரிண்ட் போட்டால் சுவர் மொத்தமும் கறுப்புப் பட்டையாகிவிடும். ஒளியைக் கூட்டினால் சுவர் தெளிகிறது, ஏரியும் இலைகளும் வெளுத்து ஓடிவிடுகின்றன. பாசிட்டிவிலிருந்து பாசிட்டிவ் எடுக்கிற வேலை என்பதால் இங்கே எல்லாம் தலைகீழ். நெகட்டிவ் வேலையில் பழகிய கை, நிழலைக் காப்பாற்ற நினைத்து அதன் மேல் ஒளியை மறைக்கப் போகும், அதுவோ இன்னும் கறுக்கும். தாளைப் பிடித்திருக்கும் சட்டமான ஈசலின் தகடு மறைத்த ஓரம் கறுப்பாக வருவதும் இதனால்தான். அந்தக் கறுப்பு ஓரத்தைக் கலைஞரின் ரசனை என்று பாராட்டியவர்கள் உண்டு.

இதற்கு ஒரே வழி மாஸ்க். முழு இருட்டில், வேகம் குறைந்த கறுப்பு வெள்ளை ஃபிலிம் ஒன்றின் மேல் ஒளியைச் சிதறடிக்கும் மெல்லிய தாளை வைத்து, அதன் மேல் ஸ்லைடை வைத்து, கண்ணாடியால் அழுத்தி, என்லார்ஜரின் ஒளியைச் சிறிது நேரம் காட்ட வேண்டும். பிறகு மிகவும் நீர்த்த டெவலப்பரில் அதைக் கழுவினால், புகைபோல மங்கிய, ஓரங்கள் சற்றுக் கலங்கிய ஒரு நெகட்டிவ் கிடைக்கும். அது காய்ந்த பின் ஒளிமேசையில் ஸ்லைடோடு பொருத்திச் சேர்த்தால், பிரகாசமான இடங்களை மாஸ்க் சற்று மறைத்துக்கொள்ள, நிழலுக்கு உரிய ஒளி போய்ச் சேரும். சொல்லும்போது இவ்வளவுதான். 35 மில்லிமீட்டர் ஸ்லைடில் மயிரிழை அளவு நகர்ந்தாலும் போதும், பிரிண்டில் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு பக்கம் வெள்ளை விளிம்பும் மறு பக்கம் கறுப்பு விளிம்பும் முளைத்து, படம் புடைப்புச் சிற்பமாகிவிடும். லென்ஸை ஒரு கண்ணில் இடுக்கிக்கொண்டு, மூச்சை அடக்கி, ஒரு ஓரத்தில் டேப்பை ஒட்டி நிமிர்ந்தால், ஒட்டும்போதே அது நகர்ந்திருக்கும். சரியாகப் பொருந்திய பிறகும் கண்ணாடியோடு ஃபிலிம் தொடும் இடத்தில் வானவில் வளையங்கள் தோன்றலாம். போதாததற்கு, மாஸ்க் போட்டால் ஏரியின் கூசும் ஒளியும் சாம்பல் பூத்துப்போகும். அதைத் தடுக்க, மிகப் பிரகாசமான புள்ளிகளை மட்டும் பிடிக்கும் இன்னொரு மாஸ்க்கை, கான்ட்ராஸ்ட் மிக அதிகமான லித் ஃபிலிமில் முதலில் செய்து, அதைச் சேர்த்து வைத்துத்தான் முதன்மை மாஸ்க்கையே எடுக்க வேண்டும். ஆக, ஒரு படத்துக்கு மூன்று ஃபிலிம்கள்.

ஃபிலிம்கள் கூடக் கூடத் தூசி உட்காரும் பரப்புகளும் கூடும். நெகட்டிவிலிருந்து எடுக்கும் பிரிண்டில் தூசி வெள்ளைப் புள்ளியாக விழும். தூரிகையால் சாயம் தொட்டு மறைத்துவிடலாம். இங்கே அது கறுப்புப் புள்ளி. கறுப்பின் மேல் எந்தச் சாயத்தைப் பூசி என்ன பயன்?

இவ்வளவுக்கும் பிறகு ஈரமான பிரிண்டைக் கையில் எடுத்தால் செந்நிறம் ஏறிக் கிடக்கும். காயாமல் நிறத்தைப் பற்றி எந்த முடிவுக்கும் வர முடியாது. நிறத்தைச் சரிசெய்யும் ஃபில்டரில் மஜெந்தாவைக் குறைப்பதா வேண்டாமா என்று தெரிந்துகொள்ள ஹேர் டிரையரோடு நின்ற மாலைகள் என் வாழ்நாளில் கணிசமானவை.

இப்போது மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அந்த லவோ படத்தின் மாஸ்க் போட்ட பிரிண்ட் என் வீட்டுச் சுவரில் இருக்கிறது. அதற்கு நிகரான வண்ணப் பிரிண்டை வேறு எந்த முறையிலும் நான் எடுத்ததில்லை. மற்ற வண்ணத் தாள்களில் டெவலப் செய்யும்போதுதான் சாயம் உருவாகிறது. இதில் உறுதியான அசோ சாயங்கள் தயாரிக்கும்போதே எமல்ஷன் என்ற ஒளியுணர் பூச்சில் ஏற்றப்பட்டிருக்கின்றன. ஒளி பட்டு வெள்ளி உருவான இடத்தில் மட்டும் ப்ளீச் அந்தச் சாயத்தை அழிக்கிறது. ஹங்கேரியரான பேலா காஸ்பர் 1930-களில் காஸ்பர்கலர் என்ற வண்ணத் திரைப்பட முறையில் பயன்படுத்திய அதே அடிப்படை. சாயம் முன்கூட்டியே இருப்பதால் எமல்ஷனுக்குள் ஒளி சிதறுவது குறைகிறது. அதனால்தான் அந்தக் கூர்மை. அதனாலேயே தாளின் வேகமும் குறைவு. சுவரின் நிழலில் பாசியின் பச்சையும் கல்லின் நீலச் சாம்பலும் பிரிந்து நிற்பதையும், ஒரு இலையின் நரம்பில் வெயில் ஊடுருவி வருவதையும், பாலியெஸ்டர் அடித்தளத்தின் கண்ணாடிப் பளபளப்பில் பார்க்கும்போது, அது தாளின் மேல் இருக்கும் படமாகத் தோன்றுவதே இல்லை. அமெரிக்காவின் ஓரிகனில் நிலக்காட்சிப் புகைப்படக் கலைஞர் கிறிஸ்டஃபர் பர்க்கெட் உறைபெட்டி நிறையத் தாளை வாங்கிச் சேமித்துவைத்து, மாஸ்க் போட்டுப் பிரிண்ட் எடுத்துவந்தது ஏன் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அவர் கையாண்டது எட்டுக்குப் பத்து அங்குல ஸ்லைடு என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். அந்த அளவில் மாஸ்க்கைப் பொருத்துவது மனிதர்கள் செய்யக்கூடிய காரியம்.

ஆனாலும் நண்பருக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். எங்கே, எப்படிப் பாதுகாக்கப்பட்டது என்று தெரியாத தாளுக்குப் பெட்டியின் மேல் அச்சிட்ட ஃபில்டர் எண்கள் உதவாது. சரியான ஃபில்டரைக் கண்டுபிடிப்பதற்குள் பாதிப் பெட்டி காலியாகும், மீதிப் பாதியில் மாஸ்க் பழகுவதற்குள் எல்லாம் தீர்ந்துவிடும், மறுபடி வாங்கவும் முடியாது. ப்ளீச் கடுமையான அமிலம். பயன்படுத்திய பின் சமையல் சோடாவைச் சிறிது சிறிதாகப் போட்டு, பொங்கி அடங்கிய பிறகே அப்புறப்படுத்த வேண்டும். ஃபிக்ஸரோடு கலந்தால் தொண்டையை அடைக்கும் கந்தக வாயு வரும். சின்னக் குளியலறையில் செய்கிற வேலை இல்லை. ஆசை தீர வேண்டுமானால், வண்ண நெகட்டிவுக்கான சாதாரண ஆர்ஏ-4 தாளை ஸ்லைடுக்குக் காட்டி, முதலில் கறுப்பு வெள்ளை டெவலப்பரில் கழுவி, பிறகு விளக்கைப் போட்டு வெளிச்சம் காட்டி, வண்ண டெவலப்பரிலும், ப்ளீச்சும் ஃபிக்ஸரும் ஒன்றான ப்ளிக்ஸிலும் முடிக்கும் முறை இருக்கிறது. நிறம் சற்று முன்பின்னாக வரும், கான்ட்ராஸ்ட் அதிலும் அதிகம்தான், மாஸ்க் அதற்கும் தேவைப்படும். ஆனால் தாள் கடையில் கிடைக்கிறது, கெட்டால் இன்னொன்றை எடுத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு சொல்லியும் அவர் வாங்கத்தான் போகிறார் என்று நினைக்கிறேன். அப்படியானால் அவருக்கு நான் சொல்வது இதுதான்: பெட்டியை இருட்டில் பிரித்து, ஒரு தாளின் கால் பகுதியை வெட்டி, ஒளியே காட்டாமல் மூன்று கரைசல்களிலும் கழுவிக் காய வைத்துப் பாருங்கள். அடர்ந்த, நிறச் சாயல் எதுவும் இல்லாத கறுப்பு வர வேண்டும். பழுப்போ பச்சையோ கலந்து மங்கி வந்தால் எமல்ஷன் தானாகவே மூட்டம் போட்டுவிட்டது என்று பொருள். அதற்கு மேல் ஒரு தாளைக்கூட வீணாக்காமல், விற்றவரிடம் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.