மியாட்டாவில் ஷார்ட் ஷிஃப்டர்: சில ஆண்டுகள் ஓட்டிய பிறகு

என்னுடையது 1999ஆம் ஆண்டு மாஸ்டா மியாட்டா. 1.8 லிட்டர் எஞ்சின், 140 குதிரைத்திறன், ஐந்து கியர், பின்சக்கர இயக்கம். அட்லாண்டாவில் வசிக்கிறேன். இந்தக் காரில் வெளிநிறுவனத் தயாரிப்பான ஷார்ட் ஷிஃப்டரை, அதாவது கியர் மாற்றக் கை நகரும் தூரத்தைக் குறைக்கும் கியர் லீவரை, பொருத்திச் சில ஆண்டுகள் ஓட்டிவிட்டேன். பொருத்திய வாரத்தில் யாரைக் கேட்டாலும் பாராட்டுத்தான் வரும். கை புதிய உணர்வில் மகிழ்ந்திருக்கும் நேரம் அது. நல்ல குளிரும் கடும் வெயிலும் நெடுஞ்சாலை நெரிசலும் பார்த்த பிறகு என்ன மிஞ்சுகிறது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஷார்ட் ஷிஃப்டர் போட்டதால் கிடைத்ததாகப் பலரும் சொல்லும் இனிமையில் பெரும்பகுதி, லீவரின் அடியில் இருக்கும் தேய்ந்த புஷ்ஷையும் (அடிமுனையில் மாட்டியிருக்கும் சிறு நைலான் உறை) கிழிந்த ரப்பர் உறையையும் பழைய எண்ணெயையும் மாற்றியதால் வருவது. புதிய லீவரின் பங்கு அதற்கு அடுத்ததுதான். இதை என்னால் உறுதியாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், இரண்டு வேலைகளையும் ஒரே நாளில் செய்யாமல் இடையில் பல மாதங்கள் விட்டுச் செய்தது.

மியாட்டாவின் கியர் அமைப்பே இயல்பில் நல்ல அமைப்பு. முன்சக்கர இயக்கக் கார்களில் லீவர் ஓரிடம், கியர்பாக்ஸ் வேறிடம். நடுவில் பெரும்பாலும் கேபிள்கள் ஓடும். இங்கே லீவரின் அடிமுனை நேராகக் கியர்பாக்ஸுக்குள்ளேயே இறங்குகிறது. கியர்பாக்ஸையும் பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலையும் ஒரு நீண்ட அலுமினியச் சட்டம் இணைத்துப் பிடித்திருக்கிறது. அதனால் வேகத்தை ஏற்றி இறக்கும்போது கியர்பாக்ஸ் தனியாக முறுக்கிக்கொள்வது குறைவு. லீவர் நகரும் தூரமும் முதலிலிருந்தே சிறியது. பிறகு ஏன் இன்னும் குறைக்க வேண்டும் என்று கேட்கலாம். வட கரோலினா, டென்னசி எல்லையில் அமெரிக்க நெடுஞ்சாலை 129 இருக்கிறது. 'டெயில் ஆஃப் தி டிராகன்' என்று அழைக்கப்படும் அதன் 11 மைல் பகுதியில் 318 வளைவுகள் என்று கணக்குச் சொல்வார்கள். அங்கே இரண்டாவது கியரும் மூன்றாவது கியரும் மாறி மாறி வந்துகொண்டே இருக்கும். பிரேக்கை மிதித்தபடியே குதிகாலால் ஆக்சிலரேட்டரைத் தட்டி, மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கும் அந்த ஒரு கணத்தில், கை ஸ்டியரிங்கை விட்டுப் போய் வரும் நேரம் குறைந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அங்கே ஓட்டும்போதெல்லாம் தோன்றும். ஆசைக்கு வேர் அதுதான்.

லீவர் எப்படிச் சுருங்குகிறது என்பதைப் புரிந்துகொண்டு வாங்குவது நல்லது. லீவரின் அடிமுனைக்குச் சற்று மேலே ஒரு பந்து இருக்கிறது, அதுவே சுழல்மையம். பந்துக்கு மேலே நான்கு பங்கு நீளம், கீழே ஒரு பங்கு நீளம் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இருக்கும் தண்டு ஒரு சென்டிமீட்டர் நகர, கை நான்கு சென்டிமீட்டர் நகர வேண்டும். கீழ்ப்பகுதியை மட்டும் நீட்டி விகிதத்தை மூன்றுக்கு ஒன்று ஆக்கினால், கை மூன்று சென்டிமீட்டர் நகர்ந்தால் போதும். தூரம் 25 சதவீதம் குறைந்தது. ஆனால் அதே வேலைக்குக் கை கொடுக்க வேண்டிய விசை 33 சதவீதம் கூடிவிட்டது. முதல் எண்ணை விற்பவர் சொல்வார். இரண்டாவது எண்ணை நாம்தான் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். இந்தக் கணக்கிலிருந்து தப்பிக்கும் லீவர் எந்த விலையிலும் இல்லை. மேல்பகுதியை மட்டும் வெட்டிக் குட்டையாக்கினாலும் இதே கதைதான்.

அதனால் முதலில் லீவரைத் தொடாமல் அது அமர்ந்திருக்கும் கூட்டைத் திறந்தேன். டரெட் என்று மெக்கானிக்குகள் சொல்லும் சிறு கூடு அது. மியாட்டாவின் ஐந்து கியர் பெட்டியில் இந்தக் கூட்டுக்குள் இருக்கும் எண்ணெய் தனி. கீழே கியர்பாக்ஸ் எண்ணெயை மாற்றினாலும் இது மாறாது. இது தெரியாமல் இருபது ஆண்டுகளாகத் திறக்கப்படாத கூட்டோடு ஓடும் கார்கள் நிறைய இருக்கின்றன. காரை உயர்த்தத் தேவையில்லை, அடியில் படுக்கவும் தேவையில்லை. எல்லா வேலையும் இருக்கைக்கு அருகிலிருந்தே முடிந்துவிடும். சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை மேலே இழுத்துக்கொண்டால் போதும். கியர் குமிழைத் திருகிக் கழற்றி, இரு இருக்கைகளுக்கும் நடுவில் இருக்கும் கன்சோலின் திருகுகளை எடுத்து, ஜன்னல் கண்ணாடிச் சுவிட்சின் மின் இணைப்பைப் பிரித்துவிட்டால் கன்சோல் மேலே வந்துவிடும். அதற்குக் கீழே நான்கு போல்ட்டுகளில் பெரிய ரப்பர் உறை. அதைத் தூக்கியதும் லீவரைப் பிடித்திருக்கும் தட்டு மூன்று போல்ட்டுகளில் இருக்கும்.

அந்த மூன்று போல்ட்டுகளைத் தொடுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. அதில் பொறுமை காட்டுபவருக்கும் காட்டாதவருக்கும் பிற்பாடு கார் வேறுவேறு விதமாக நடந்துகொள்ளும். தட்டைச் சுற்றிலும் வாக்குவம் கிளீனரை ஓட்டி, துணியால் துடைத்து, மண் ஒரு துகள்கூட இல்லாமல் சுத்தம் செய்ய வேண்டும். தட்டைத் தூக்கியதும் அங்கே கிடக்கும் மணல் நேரே கூட்டுக்குள்தான் விழும். உள்ளே நுழைந்த மணல் பந்தையும் நைலான் புஷ்ஷையும் அரைத்துக்கொண்டே இருக்கும்.

என் காரில் உள் உறை சுற்றிலும் கிழிந்திருந்தது. கோடையில் கன்சோல் வழியாக வந்துகொண்டிருந்த அனலுக்கும் கியர் எண்ணெய் வாசனைக்கும் காரணம் அங்கேயே தெரிந்தது. லீவரை மேலே இழுத்தபோது அடிமுனையின் நைலான் புஷ் உடன் வரவில்லை. விரிசல் விட்டு உள்ளேயே தங்கிவிட்டது. நீண்ட மூக்குக் குறடால் துண்டு துண்டாக எடுத்தேன். எல்லாத் துண்டுகளும் வந்துவிட்டனவா என்று வெளியே வைத்து ஒட்டிப் பார்ப்பது அவசியம். பழைய எண்ணெயைச் சிரிஞ்சால் உறிஞ்சினால் கறுப்பாக, தேய்மானத் தூளோடு வந்தது. புதிய புஷ், பந்தின் மேல் அமரும் கிண்ணம், புதிய உள் உறை, 75டபிள்யூ-90 என்ற தடிப்பில் ஜிஎல்-4 என்ற தரத்துக் கியர் எண்ணெய் ஏறக்குறைய 90 மில்லி. பழைய லீவரையே திரும்ப வைத்து மூடினேன்.

அடுத்த நாள் காலையில் ஓட்டியபோது வேறு காரில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. நியூட்ரலில் லீவர் தளர்ந்து ஆடிக்கொண்டிருந்தது நின்றுவிட்டது. எந்தக் கியரில் நுழைகிறோம் என்பது உள்ளங்கைக்குத் தெளிவாகத் தெரிந்தது. வாசனையும் இல்லை, அனலும் இல்லை. இந்தத் தொகுப்பின் விலை ஷார்ட் ஷிஃப்டரின் விலையில் ஒரு சிறு பகுதிதான். பழைய மியாட்டா வைத்திருக்கும் எவருக்கும், லீவர் ஆசை இருந்தாலும் இல்லாவிட்டாலும், நான் வற்புறுத்திச் சொல்வது இந்த வேலையை. பல மாதங்கள் அப்படியே ஓட்டினேன். நகரத்துக்கு அது தாராளமாகப் போதும். மலைச்சாலைக்குப் போகும்போது மட்டும் பழைய ஆசை தலைதூக்கியது.

லீவர் வாங்கும்போது எல்லோரும் சதவீதத்தைப் பார்க்கிறார்கள். நான் பந்தைப் பார்க்கச் சொல்வேன். முதலில் வந்து சேர்ந்த லீவரில் பந்தின் மேல் நகத்தை ஓட்டினால் கடைசல் கோடுகள் தட்டுப்பட்டன. அப்படிப்பட்ட பந்து புதிய நைலான் கிண்ணத்தைச் சில ஆயிரம் மைல்களில் தின்றுவிடும். திருப்பி அனுப்பிவிட்டேன். அடுத்து வேறு இடத்திலிருந்து வாங்கியதில் பந்து கண்ணாடி மாதிரி இருந்தது. பொருத்துவதில் புதிதாக ஒன்றும் இல்லை. கூடு ஏற்கெனவே சுத்தமாக இருந்ததால் வேலை விரைவில் முடிந்தது. மூன்று போல்ட்டுகளையும் ஒரே சீராக, மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். கன்சோலை மூடுவதற்கு முன் எஞ்சினை அணைத்த நிலையில் எல்லாக் கியர்களையும், குறிப்பாக இரண்டு, நான்கு, ரிவர்ஸ் மூன்றையும், முழுமையாகப் போட்டுப் பார்க்க வேண்டும். லீவர் கன்சோலின் விளிம்பில் இடித்தால் கியர் முழுதாக விழாது. அது ஓடும்போது நழுவி வெளியே வரும்.

மலைச்சாலையில் இது கொடுத்த மகிழ்ச்சி இன்றும் குறையவில்லை. மூன்றிலிருந்து இரண்டுக்கு மணிக்கட்டை மடக்கினாலே போதும், தோள் அசைவதில்லை. வளைவுக்குள் நுழையும் முன் கை ஸ்டியரிங்குக்குத் திரும்பி வந்துவிடுகிறது. அதைத்தான் தேடினேன், அது கிடைத்தது.

ஆனால் ஒரு விஷயத்தை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. சுருங்குவது முன்பின் தூரம் மட்டும் இல்லை, பக்கவாட்டுத் தூரமும் சேர்ந்தே சுருங்குகிறது. மூன்றாவதும் நான்காவதும் இருக்கும் நடுப்பாதைக்கும், ஒன்றும் இரண்டும் இருக்கும் இடப்பாதைக்கும் இடைவெளி குறைந்துவிடுகிறது. ஐந்திலிருந்து நான்குக்கு இறங்கும்போது கை கொஞ்சம் இடப்பக்கம் இழுத்தாலும் இரண்டில் விழும் வாய்ப்பு இருக்கிறது. கிளட்ச்சை விட்டதும் எஞ்சின் தாங்க முடியாத சுற்றுக்குப் போய் வால்வுகளே வளையலாம். நல்ல வேளையாக உள்ளே இருக்கும் ஸ்பிரிங் லீவரை எப்போதும் நடுப்பாதைக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறது. அதை நம்ப வேண்டும். நான்குக்குப் போகும்போது குமிழை இறுக்கிப் பிடிக்காமல், விரல்களை மடக்கி நேராகப் பின்னால் மட்டும் இழுக்கும் பழக்கத்தை நான் இந்த லீவருக்காகவே வளர்த்துக்கொண்டேன். ரேஸ் தடத்துக்குப் போகிறவர்கள் முதலில் வெறும் சாலையில் இந்தப் பழக்கத்தை ஊறவைத்துக்கொண்டு போகட்டும்.

குளிர்கால விடியலில் விசைக் கணக்கு தன் வட்டியைக் கேட்கும். மியாட்டாவில் எண்ணெய் குளிர்ந்திருக்கும்போது இரண்டாவது கியர் தயங்குவது பழைய செய்தி. கியருக்குள் நுழையும் முன், இரண்டு வேகங்களை ஒன்றாக்குவது சிங்க்ரோ என்னும் பித்தளை வளையம். அது உரசி, வேகத்தைச் சமன்செய்து, பிறகுதான் வழிவிடும். தடித்த எண்ணெயில் அதற்குக் கூடுதல் நேரம் வேண்டும். குட்டை லீவர் அந்த நேரத்தைக் கொடுக்காமல் அவசரப்படுத்தத் தூண்டுகிறது. அவசரப்பட்டால் 'கரக்' என்ற சத்தம் வரும். ஒவ்வொரு சத்தமும் வளையத்தின் ஆயுளில் ஒரு துண்டு. எண்ணெய் சூடாகும்வரை ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது நியூட்ரலில் ஒரு நொடி நிறுத்துவேன். மிகவும் குளிராக இருந்தால் கிளட்ச்சை இரண்டு முறை மிதிப்பேன். எண்ணெய் விஷயத்தில் ஜிஎல்-4 தரத்தையே தேடி வாங்குங்கள். ஜிஎல்-5 வகையில் அதிகமாகச் சேர்க்கப்படும் கந்தகச் சேர்மங்கள் சூட்டில் பித்தளைக்கு ஆகாதவையாக இருக்கலாம். சிங்க்ரோவுக்குத் தேவையான உரசலையும் அவை குறைக்கலாம்.

இன்னொரு விலை, ஓசை. பழைய லீவரின் தண்டுக்குள் அதிர்வை விழுங்கும் ரப்பர் இருந்தது. புதியது முழு உருக்கு. கியர்பாக்ஸின் இரைச்சல் குமிழ்வரை ஏறி வருகிறது. நெடுஞ்சாலையில் ஐந்தாவது கியரில் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் குமிழ் ரீங்கரிக்கும். கனமான உருக்குக் குமிழ் மாட்டியதும் ரீங்காரம் வெகுவாக அடங்கியது, எடையின் உந்தத்தால் கியர் நுழைவதும் மென்மையானது. ஆனால் கூரையைத் திறந்துவைத்து ஜார்ஜியா வெயிலில் நிறுத்தினால் அந்தக் குமிழைத் தொட முடியாது, ஒரு துணி தயாராக இருக்க வேண்டும். எனக்கு இந்த ஓசை பிடித்திருக்கிறது. என் மனைவிக்குப் பிடிக்கவில்லை. நீண்ட பயணங்களில் அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

கியர் கடினமாக விழுகிறது என்பதற்காக இந்த லீவரை வாங்க நினைப்பவர்கள் முதலில் கிளட்ச்சைப் பாருங்கள். மியாட்டாவில் கிளட்ச்சின் ஸ்லேவ் சிலிண்டர் (மிதியின் அழுத்தத்தை எண்ணெய் வழியாகப் பெற்றுக் கிளட்ச்சைப் பிரிக்கும் பகுதி) கசிவது மிகச் சாதாரணம். கிளட்ச் முழுதாகப் பிரியாமல் இழுத்துக்கொண்டிருந்தால் எந்த லீவரும் உதவாது; விசை கூடுதலாகத் தேவைப்படும் லீவர் நிலைமையை மோசமாக்கும். அதேபோல, நம் ஊர்ச் சாலைகளில் ஓடும் கார்களில் பெரும்பாலானவை கேபிள் வைத்த முன்சக்கர இயக்கக் கார்கள். அவற்றில் லீவரை மாற்றுவதற்கு முன் கேபிள் முனைகளில் இருக்கும் ரப்பர் புஷ்களை மாற்றிப் பாருங்கள். தளர்ச்சி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

தினமும் நெரிசலில் அலுவலகம் போகவும் வரவும் மட்டும் கார் என்றால், கூட்டைப் புதுப்பித்துப் பழைய லீவரோடு ஓட்டுங்கள் என்பதே என் பரிந்துரை. அட்லாண்டாவைச் சுற்றி ஓடும் ஐ-285 நெடுஞ்சாலையின் மாலை நெரிசலில் அந்தக் கூடுதல் விசையை மணிக்கட்டு உணரும். மலைச்சாலையோ தடமோ உங்கள் வாழ்க்கையில் உண்மையாகவே இருந்தால் மட்டும் அடுத்த படிக்குப் போங்கள். போட்டிகளில் கலந்துகொள்பவர்கள் தங்கள் வகுப்பின் விதிப்புத்தகத்தை வாங்குவதற்கு முன் படித்துவிடுங்கள். குமிழை மாற்ற அனுமதித்து லீவரை அனுமதிக்காத வகுப்புகள் இருக்கின்றன. நான் கியர்பாக்ஸ் எண்ணெயை மாற்றும்போதெல்லாம் கூட்டையும் திறந்து, புஷ்ஷைக் கையால் ஆட்டிப் பார்த்து, அந்த 90 மில்லியையும் மாற்றிவிடுகிறேன். கடைசியாகத் திறந்தபோது எண்ணெய் தேன் நிறத்தில் இருந்தது, புஷ்ஷில் ஆட்டம் இல்லை.