கூலன்ட்ல ஆயில் கலந்தா உடனே ஹெட்டைக் கழட்ட விடாதீங்க

டீசல் கார் வச்சிருக்கவங்க இதைப் படிச்சிட்டு அப்புறம் ஒர்க்‌ஷாப் போங்க. நம்ம வண்டி 1.3 லிட்டர் டீசல், மேனுவல் கியர், லட்சம் கிலோமீட்டர் தாண்டிருச்சு. ஒருநாள் கூலன்ட் (இன்ஜின் சூட்டைத் தணிக்கிற தண்ணி) டப்பாவைத் திறந்தா உள்ள கேழ்வரகு கூழ் மாதிரி கெட்டியா நிக்குது. திண்டுக்கல் பைபாஸ்ல ஒரு ஒர்க்‌ஷாப்ல விட்டேன், அந்தாளு டப்பாவுக்குள்ள விரலை விட்டுப் பார்த்துட்டு "ஹெட் கேஸ்கெட் போயிருச்சு சார், ஹெட்டை இறக்கி லேத்துல ஃபேஸிங் அடிக்கணும், இப்படியே ஓட்டுனா இன்ஜினே போயிரும்"னாரு. ஹெட்னா இன்ஜினோட மேல் பாகம், பிளாக்னா கீழ் பாகம், ரெண்டுக்கும் நடுவுல கசியாம அடைக்கிற தகடுதான் கேஸ்கெட். ஃபேஸிங்னா ஹெட்டோட அடிப்பக்கத்தைச் சமமா சீவுறது. ஏதாவது டெஸ்ட் பண்ணிட்டு இறக்கலாமேண்ணேன்னு கேட்டதுக்கு, பார்த்தாலே தெரியும் சார், இத்தனை வருஷமா இதே வேலைதானேன்னுட்டாரு.

பில்லு 38,500. ஃபேஸிங், கேஸ்கெட் செட்டு, லேபர், கூலன்ட் எல்லாம் சேர்த்து. ஒரு மாசம்கூட ஆகல, டப்பாவுல திரும்ப அதே கூழு. கேட்டா "பிளாக்லயே கிராக் இருக்கும் சார், இன்ஜின் இறக்கித்தான் பார்க்கணும்"ங்கிறாரு. பாத்தீங்களா, அடுத்த பில்லுக்கு அடி போடுறாரு.

அங்கிருந்து வண்டிய எடுத்துட்டு நாமக்கல்ல லாரி வேலை பாக்குற ஒரு பெரியவர்கிட்ட போனேன். அவரு ஸ்பானரையே தொடல, கேள்விதான் கேட்டாரு. ஹீட் ஏறுச்சா தம்பி? இல்ல. காலைல வெள்ளைப் புகை? இல்ல. கூலன்ட் குறையுதா? அதுவும் இல்ல, ஆயில்தான் குறைஞ்சிருக்கு. ஆயில் அளவு பாக்குற கம்பி இருக்குல்ல, அந்த டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்தாரு, ஆயில் கருப்பா சுத்தமா இருக்கு, பால் கலந்த மாதிரி எதுவும் இல்ல. அப்போ மொத ஆயில் கூலரைக் கழட்டுவோம்னாரு.

விஷயம் என்னன்னா, ஓடும்போது ஆயில் பிரஷர் 3, 4 பார் இருக்கும், கூலன்ட் பக்கம் சுமார் 1 பார்தான். ஆயில் ஃபில்டர் ஹவுசிங்லயே ஒட்டியிருக்க அந்தச் சின்ன கூலர்ல ஒரு பக்கம் ஆயில், ஒரு பக்கம் தண்ணி, நடுவுல மெல்லிசு தகடு. தகடு விட்டுச்சுன்னா பிரஷர் ஜாஸ்தியான ஆயில்தான் தண்ணிக்குள்ள போகும், அதான் டிப் ஸ்டிக் சுத்தமா இருக்கும். வண்டிய ஆஃப் பண்ணதும் கூலன்ட் பிரஷர் கொஞ்ச நேரம் நிக்கும்ல, அப்போ லேசா ஆயில் பக்கமும் போகலாம், அதனால கூலர் மாத்தும்போதே ஆயிலும் ஃபில்டரும் மாத்திடணும்.

கழட்டுன கூலரோட ஒரு ஓட்டையை அடைச்சுட்டு, தண்ணி வாளிக்குள்ள முக்கி காத்து கொடுத்தாரு. முட்டை முட்டையா வந்துச்சு. அவ்ளோதான் டெஸ்டு, வேலை மொத்தமும் 8,000க்குள்ள முடிஞ்சிருச்சு.

ஹெட் கேஸ்கெட்ல ஆயில் ஓட்டைக்கும் தண்ணி ஓட்டைக்கும் நடுவுல விட்டாலும் இதே கூழுதான் வரும், அதை மறுக்கல. ஆனா கம்ப்ரஷன் பக்கம், அதாவது டீசல் எரியுற சிலிண்டர் பக்கம் விட்டிருந்தா ஸ்டார்ட் பண்ண கொஞ்ச நேரத்துலயே ஹோஸ் கல்லா இறுகும், டப்பாவுல குமிழி நிக்காம வரும். ரேடியேட்டர் வாயில நீல லிக்விட் வச்சு டெஸ்ட் பண்ணுவாங்க, எரிஞ்ச கேஸ் வந்தா கலர் மாறும். ஆட்டோமேட்டிக் கியர் வண்டின்னா ரேடியேட்டருக்குள்ள இருக்க கியர் ஆயில் கூலரையும் பாக்கச் சொல்லுங்க, அது விட்டா கூழு ரோஸ் கலர்ல இருக்கும். ரெண்டு வகை கூலன்டைக் கலந்து ஊத்துனாலும் சில சமயம் ஜெல்லு மாதிரி ஆகுமாம். இவ்வளவு இருக்கும்போது விரலை விட்டுப் பார்த்து ஹெட்டை இறக்குறது அறியாமையா இருந்தாலும் ஏமாத்துனதுதான், ஏன்னா நான் டெஸ்ட் கேட்டும் பண்ணல.

சுத்தம் பண்றதுதான் பெரிய ரோதனை. வெறும் தண்ணி ஊத்துனா போகாது, ஃப்ளஷ் லிக்விட் போட்டு ஓடவிட்டு ஓடவிட்டு கொட்டணும், கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடுற தெர்மோஸ்டாட் வால்வைக் கழட்டிட்டு. ஆயில் பட்ட ரப்பர் ஹோஸ் ஊதிடும், எனக்கு ரெண்டு ஊதிருச்சு.

பழைய கேஸ்கெட்டைக் காட்டுங்கன்னு முதல் ஆளுகிட்ட கேட்டேன், குப்பைல போட்டாச்சாம். பணமும் தரமாட்டாராம். நுகர்வோர் ஆணையத்துல மனு போடப் போறேன், 2 வருஷத்துக்குள்ள போடணும், 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கிடையாது. கையில இருக்கறது பேரு, சீல் எதுவுமில்லாத துண்டுச் சீட்டுதான், நல்லவேளை பணம் ஜிபேல அனுப்பியிருக்கேன்.